மேகாங் ஆற்றங்கரையில் ஐந்து வாரம்: ஒரு ஃபெல்லோஷிப் எனக்குக் கொடுத்ததும் கொடுக்காததும்

2023 ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தார்கள், அக்டோபர் 10ஆம் தேதி மூடிவிட்டார்கள். நடுவில் எங்கள் திருவாரூர் பக்கம் குறுவை கருகியது. அந்த நான்கு மாதமும் நான் தினம் ராத்திரி டெஸ்க்குக்கு அனுப்பியது நான்கு எண்கள்தான். அணையின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் வந்து சேர்ந்த கன அடி. கருகிய வயலுக்கும் போனேன், எழுதினேன். ஆனால் முதல் பக்கத்துக்குப் போனது அந்த எண்கள்தான். அப்படி ஒரு நாள் எண்களை அனுப்பிவிட்டு மெயிலைத் திறந்தபோது, மேகாங் ஆற்றுப் படுகையைப் பற்றி எழுதும் வெளிநாட்டு நிருபர்களுக்கான ஐந்து வாரப் பயிற்சிக்கு என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாகத் தகவல் வந்திருந்தது.

போய்வந்த பிறகு, மாவட்டங்களில் வேலை செய்யும் இளம் நிருபர்கள் நிறையப் பேர் "அக்கா, இதுக்கெல்லாம் அப்ளை பண்ணலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. நடத்திய அமைப்பின் பெயரைப் போடவில்லை. குறைகளும் சொல்லப்போகிறேன், அதற்கு அவர்கள் பதிலைக் கேட்டு வாங்கிப் போட இது செய்தி இல்லை. ஹவாயில் இருக்கும் ஈஸ்ட்-வெஸ்ட் சென்டர் 1967ல் தொடங்கிய ஜெபர்சன் ஃபெல்லோஷிப் மாதிரி பல நாடுகளைச் சுற்றிக் காட்டும் திட்டம் இல்லை இது. ஒரே ஆறு, அதைச் சுற்றிய ஜனங்கள், அவ்வளவுதான். அதுதான் எனக்குப் பிடித்தது.

அயல்நாட்டு நிருபர்கள் எட்டுப் பேர், கம்போடியாவையும் வியட்நாமையும் சேர்ந்த உள்ளூர் நிருபர்கள் நான்கு பேர். முதல் ஒன்பது நாள் புனோம் பென்னில் வகுப்பு. அப்புறம் படகில் வியட்நாம் எல்லை தாண்டி சாவ் டாக், அங்கிருந்து கான் தோ. திரும்பக் கம்போடியா வந்து தோன்லே சாப் ஏரிப் பக்கம் மீதி நாட்கள். நவம்பர் 20க்கு ஆரம்பித்து டிசம்பர் கடைசியில் முடிந்தது.

வகுப்பைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஒன்பது நாளில் மூன்று நாள் வீண். செய்தியை எப்படிக் கட்டுவது, தலைப்பு எப்படி வைப்பது என்று பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் பயனில்லை. ஆனால் நீரியல் சொல்லிக்கொடுத்த மூன்று நாள் இருக்கிறதே, அதற்காகவே மறுபடி போவேன்.

மேகாங் திபெத் மேட்டுநிலத்தில் பிறந்து, சீனா, மியான்மர், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்று ஆறு நாடுகளைத் தொட்டுக்கொண்டு 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. இதில் கீழே இருக்கும் நான்கு நாடுகள் மட்டும் 1995 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டு மேகாங் ஆற்று ஆணையத்தை அமைத்தன. சீனாவும் மியான்மரும் அதில் உறுப்பினர்கள் இல்லை. மேலே பெரிய பெரிய அணைகளை வைத்திருக்கும் சீனா, 2002லிருந்து மழைக்கால நீர்மட்டத் தகவலை மட்டும் கொடுத்துவந்தது. ஆண்டு முழுவதும் கொடுக்க ஒப்புக்கொண்டது 2020ல்தான். காவிரிக்காரிக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மேலே இருப்பவர் சொல்லும் கணக்கை நம்பிக் கீழே நாற்று விடும் வாழ்க்கை எங்களுக்குத் தெரியும்.

2019ல் கீழ்ப் படுகையில் ஆறு மிகவும் வற்றிப்போனது. அமெரிக்க அரசு நிதியில் ஐஸ் ஆன் எர்த் (Eyes on Earth) என்ற நிறுவனம் செயற்கைக்கோள் தரவை வைத்து 2020 ஏப்ரலில் ஓர் ஆய்வு வெளியிட்டது: மேலே போதுமான ஈரம் இருந்தது, அணைகள்தான் பிடித்துவைத்தன என்று. சில மாதங்களில் சீனாவின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்திலிருந்து எதிர் ஆய்வு வந்தது: மேலேயும் வறட்சிதான், அணைகள் கீழே இருப்பவர்களுக்கு உதவவே செய்கின்றன என்று. எங்களை இரண்டு கட்சியாகப் பிரித்து இரண்டு அறிக்கையையும் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முழுக்க முடிவுரையைப் படிக்கவே விடவில்லை. யார் அளந்தது, எங்கே நின்று அளந்தது, எத்தனை வருஷத்துச் சராசரியோடு ஒப்பிட்டது, யார் பணம் கொடுத்தது, இந்த நான்குக்கும் பதில் எழுதிய பிறகுதான் முடிவுரை. கர்நாடகம் ஒரு எண், தமிழ்நாடு ஒரு எண், காவிரி ஆணையம் ஒரு எண் என்று மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நான் எழுந்த நாட்கள் எத்தனையோ. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அந்த நீரியல் ஆசிரியர் சொன்ன ஒரு சொல்லை இங்கே எழுத வேண்டும். பசித்த தண்ணீர். அணையில் வண்டல் படிந்துவிடுகிறது. தெளிந்த தண்ணீர் மட்டும் கீழே வருகிறது. ஆற்றுக்கு வண்டலைச் சுமக்கும் பலம் இருக்கிறது, சுமக்க ஒன்றும் இல்லை. அதனால் அது போகிற வழியில் கரையையும் படுகையையும் அரித்துத் தின்கிறது. திட்டமிட்ட அணைகள் எல்லாம் கட்டப்பட்டால் 2040க்குள் டெல்டாவுக்கு வந்து சேரும் வண்டல் 97 சதவீதம் வரை குறையும் என்று ஆற்று ஆணையத்தின் ஆய்வே 2018ல் சொல்லியிருக்கிறது. நான் நோட்டில் அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். எங்கள் ஊரில் ஆறு என்றால் டி.எம்.சி. (ஆயிரம் மில்லியன் கன அடி); கர்நாடகம் வருஷத்துக்குத் தர வேண்டியது என்று 2007ல் நடுவர் மன்றம் சொன்ன 192, 2018ல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25. தண்ணீர் எவ்வளவு என்று கேட்டிருக்கிறோம். தண்ணீரோடு சேர்ந்து என்ன வருகிறது என்று நான் ஒரு செய்தியிலாவது கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். தூர்வாரும் டெண்டர் பற்றி எழுதியிருக்கிறேன். அது வேறு.

சாவ் டாக்கில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மீன் குழம்பு வைத்தார்கள். கொதிக்கிற சட்டியோடு கொண்டுவந்து நடுவில் வைத்து, பக்கத்தில் ஒரு தட்டு நிறைய மஞ்சள் பூ. அந்தப் பூவைக் கையில் எடுத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நம் அகத்திக்கு உறவு, சித்தகத்தி. அங்கே தியென் தியென் என்கிறார்கள். வெள்ளம் வரும் மாதங்களில் பூக்கும், அதே மாதங்களில்தான் கா லின் என்ற சின்ன மீன் வெள்ளத்தோடு கம்போடியாவிலிருந்து இறங்கிவரும். இரண்டையும் சேர்த்துச் சமைப்பது அந்தப் பருவத்துச் சாப்பாடு. நாங்கள் போனது பருவம் முடிகிற சமயம். கடைக்கார அம்மாவிடம் கேட்டால், இப்போது வெள்ளமே சரியாக ஏறுவதில்லை, மீனை வளர்ப்புக் குளத்திலிருந்து வாங்குகிறோம் என்றார். பக்கத்து வயல்களைச் சுற்றி உயரமான கரை போட்டு வெள்ளத்தைத் தடுத்து, வருஷத்துக்கு மூன்று போகம் நெல் எடுக்கிறார்கள். மூன்றாம் போகம் காசு கொடுத்தது. ஆனால் வெள்ளம் வராததால் வண்டலும் வரவில்லை, உரச்செலவு ஏறிவிட்டது என்றார் ஒரு விவசாயி. ஒரு தட்டுப் பூவை வைத்து அத்தனையும் புரிந்தது. அந்தச் சாப்பாட்டை ஏற்பாடு செய்தவருக்கு நான் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கான் தோவில் மூன்று நாளும் அரசு அலுவலகங்கள். வியட்நாமில் அனுமதி இல்லாமல் வெளிநாட்டு நிருபர் செய்தி சேகரிக்க முடியாது, எங்களோடு எப்போதும் ஓர் அதிகாரி இருந்தார். பண்பானவர். ஆனால் அவர் பக்கத்தில் நிற்கும்போது விவசாயி என்ன பேசுவார்? அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை.

தோன்லே சாப்தான் இந்தப் பயிற்சியின் உயிர். உலகத்தில் இப்படி ஒன்று இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. மழைக்காலத்தில் மேகாங் பொங்கும்போது, தோன்லே சாப் ஆறு திசை மாறிப் பின்னோக்கி ஓடி ஏரியை நிரப்புகிறது. வறண்ட காலத்தில் 2,500, 3,000 சதுர கிலோமீட்டர் இருக்கும் ஏரி, நல்ல வெள்ளத்தில் 15,000 வரை விரிகிறது. சுற்றியிருக்கும் காடே தண்ணீரில் நிற்கிறது. மீன் அங்கே போய்த் தின்று வளர்கிறது. மழை நின்றதும் ஆறு மறுபடி திரும்பி, ஏரி வடிகிறது, மீன் கூட்டம் கூட்டமாக இறங்குகிறது. அந்த இறங்கும் மீனைப் பிடிக்க ஆற்றின் குறுக்கே வரிசையாக நங்கூரம் போட்டு வலை கட்டுகிறார்கள். அதற்கு டாய் என்று பெயர். வலை 100 மீட்டருக்கு மேல் நீளம், பை மாதிரி போய்க் குறுகும். பௌர்ணமிக்கு முந்தைய நாட்களில் மீன் அதிகம் இறங்கும் என்பதால் டிசம்பர் பௌர்ணமிக்கு முன் எங்களைக் கூட்டிப்போனார்கள். ஊரில் அந்தப் பௌர்ணமி திருவாதிரை. அம்மா போனில் களி கிண்டப்போவதாகச் சொன்னபோது நான் மிதக்கும் பலகைமேல் நின்றுகொண்டிருந்தேன்.

விடியற்காலை ஐந்து மணி இருக்கும். வலையின் வால்பகுதியைச் சுருட்டி மேலே தூக்கிக் கவிழ்த்தார்கள். வெள்ளி நிறத்தில் திரே ரியல், விரல் நீளம். கம்போடியாவின் பணத்துக்கு ரியல் என்று பெயர் வந்ததே இந்த மீனால்தான் என்று அங்கே சொல்வார்கள். கரையில் பெண்கள் உட்கார்ந்து தலையைக் கிள்ளி, கழுவி, உப்புப் போட்டு பிரஹோக் தயார் செய்துகொண்டிருந்தார்கள். நம் கருவாட்டுக்கு அண்ணன் அது, வருஷம் முழுக்க அவர்கள் சோற்றுக்கு அதுதான் துணை. வலைக்காரப் பெரியவருக்கு அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கெமர் மொழியில் தாத்தாவுக்கு "தா" என்கிறார்கள். நான் முதல் நாளே கற்றுக்கொண்ட சொல் அதுதான், மறக்கவே முடியாதே. "தா, இந்த வருஷம் எப்படி?" என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டேன்.

பெரியவர் மூன்று நிமிஷம் பேசினார். உள்ளங்கையைக் காட்டினார், அப்புறம் சுண்டுவிரலைக் காட்டினார். தெற்கே கை நீட்டினார். ஒருமுறை சிரித்தார். கடைசியில் தண்ணீரைக் குனிந்து பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் எங்கள் பக்கம் திரும்பி, "முன்னைவிடக் குறைவு என்கிறார்" என்றார்.

நான்கு நிருபர்கள் நின்றுகொண்டிருந்தோம். நான்கு பேரும் நோட்டில் "குறைவு" என்று எழுதினோம்.

என் போனில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து, விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து, எங்களோடு பயிற்சியில் இருந்த கம்போடிய நிருபரிடம் ஒரு காதுக்கு இயர்போனைக் கொடுத்து மறு காதில் நான் வைத்துக்கொண்டு கேட்டோம். அவர் நிறுத்தி நிறுத்தி ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் எழுதினேன். பெரியவர் சொன்னது இது. என் இளவயதில் இதே வலையில் உள்ளங்கை அகல மீன் விழும், இப்போது சுண்டுவிரல். நெல் விளையும் ஊர்களிலிருந்து மாட்டுவண்டியில் அரிசி கொண்டுவந்து கொடுத்துவிட்டு மீன் வாங்கிப் போவார்கள், கரையில் இடம் இருக்காது. இப்போது காசு கொண்டுவருகிறார்கள், ஆட்கள்தான் வருவதில்லை. ஒரு மகன் தாய்லாந்தில் கட்டட வேலை, இன்னொருவன் புனோம் பென்னில் டுக்டுக் ஓட்டுகிறான். இந்த வலையை அடுத்து யார் தூக்குவது என்று கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. கடைசியாகத் தண்ணீரைப் பார்த்துச் சொன்னது: "தண்ணீர் வருகிறது. வெறும் தண்ணீராக வருகிறது."

வகுப்பில் கேட்ட பசித்த தண்ணீரும் இந்தப் பெரியவரின் வெறும் தண்ணீரும் ஒன்றுதான். ஒன்றை ஆய்வாளர் படம் போட்டுச் சொன்னார், மற்றதை ஒருவர் வாழ்ந்து சொன்னார். என் ஐந்து வாரத்தின் முழுச் செய்தியும் அந்த மூன்று நிமிஷத்தில் இருந்தது, நாங்கள் அதை ஒரே சொல்லாக எழுதிக்கொண்டு கரையேறியிருப்போம்.

மொழிபெயர்ப்பாளரை நான் குறை சொல்ல மாட்டேன். நான்கு நிருபர்களுக்கு ஒருவர். காலை ஐந்து மணியிலிருந்து ராத்திரி வரை நான்கு பேர் கேள்வியையும் சுமந்தால் யாராலும் அப்படித்தான் முடியும். என் குறை நடத்தியவர்கள்மேல். விடுதி அறை எங்களுக்கு ஆளுக்கொன்று, காலைச் சாப்பாட்டுக்குப் பத்துவகைப் பழம். அந்தக் காசில் இன்னும் இரண்டு மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருக்கலாம். வேற்றுமொழி ஊரைப் பற்றி எழுதக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியில் செலவைக் குறைக்கக் கூடாத இடம் அதுதான். முடிவில் கருத்துப் படிவம் கொடுத்தபோது இதை மட்டுமே இரண்டு பக்கம் எழுதிக்கொடுத்தேன்.

அந்தக் கம்போடிய நிருபரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே பத்திரிகை நடத்துவது எப்படி என்பது பொதுவில் தெரிந்ததுதான். 2017 செப்டம்பரில் கம்போடியா டெய்லி பத்திரிகை மூடப்பட்டது, 2023 பிப்ரவரியில் விஓடி (வாய்ஸ் ஆஃப் டெமாக்ரசி) என்ற செய்தி நிறுவனத்தின் உரிமம் ரத்தானது. மீன் பற்றிய என் கட்டுரையில் அவர் பெயரையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டேன். சந்தோஷமாகச் சரி என்றார். ஆற்று மணல் பற்றிய கட்டுரையில் வேண்டவே வேண்டாம் என்றார். பாதுகாப்பு வகுப்பில் போனை எப்படிப் பூட்டுவது, செய்தியை எப்படி மறைத்து அனுப்புவது என்று அரை நாள் சொல்லிக்கொடுத்தார்கள். உதவிய ஆளிடம் ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றேன்.

இனி பண விஷயம். விமான டிக்கெட்டும் தங்குமிடமும் அவர்கள் செலவு. விசா, உள்ளூர்ப் போக்குவரத்து, சிம் எல்லாம் நாம் போட்டுவிட்டு ரசீது கொடுத்து வாங்க வேண்டும். கையில் ஒரு முப்பதாயிரம் நாற்பதாயிரம் இல்லாமல் கிளம்ப முடியாது. மாவட்ட நிருபருக்கு அது எத்தனை மாதச் சேமிப்பு என்பது நம்மவர்களுக்குத் தெரியும். உதவித்தொகையில் கடைசித் தவணை, கட்டுரை வெளியான பிறகு, அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுத்தால்தான். ஆங்கிலத்தில் எழுதும் நிருபருக்கு இது ஒன்றுமில்லை. நான் மூன்று பாகமாக எழுதிய தமிழ்க் கட்டுரையை மொழிபெயர்க்கக் கைக்காசு கொடுத்தேன், அந்தத் தவணை வர நான்கு மாதம் ஆனது. தாய்மொழியில் எழுதுபவர்கள் வேண்டும் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். அப்படியானால் மொழிபெயர்ப்புச் செலவும் அவர்கள் கணக்கில் இருக்க வேண்டும். இதை விண்ணப்பிக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, அந்தப் பணத்தை நம்பி நடந்த பல பத்திரிகைப் பயிற்சிகளும் அங்கேயே நின்றுபோயின. இப்போது வரும் அறிவிப்புகளில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு, பணம் கொடுக்கும் நாட்டைப் பற்றி நீங்கள் எழுதினால் யாருக்காவது சங்கடம் வருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு அறிக்கைகளைப் படிக்கவைத்த அந்த வகுப்புக்கு நான் செலுத்தும் கட்டணம் இந்த ஒரு வரி.

போகலாமா என்று கேட்டால், போங்கள். முதல் விண்ணப்பத்தில் என் பெயர் வரவில்லை, இரண்டாவதில்தான் வந்தது. முதலில் "மேகாங் அணைகளின் தாக்கம்" என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில், காவிரிக் கடைமடையில் நான் தினம் அனுப்பும் நான்கு எண்களைப் பற்றியும் அதில் எனக்கு இருந்த போதாமையைப் பற்றியும் எழுதினேன். உங்கள் ஊரிலிருந்து என்ன கேள்வியைக் கொண்டுபோகிறீர்கள் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். ரெக்கார்டரை அணைக்காதீர்கள். பேட்டியைச் சொல்லுக்குச் சொல் எழுதித்தர உள்ளூர் ஆளுக்குக் காசு ஒதுக்குங்கள், விடுதியில் குறைத்தாவது.

2024ல் மேட்டூர் ஜூனில் திறக்கவில்லை, ஜூலை 28க்குத்தான் திறந்தார்கள். ஆகஸ்டில் எங்கள் பக்கத்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தபோது மதகடியில் ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். பல வருஷமாக அவரிடம் நீர்மட்டம் கேட்பேன். அன்று, முதல் தண்ணீரோடு என்னென்ன மீன் வரும் என்று கேட்டேன். "ஏம்மா, நீ எத்தனை அடின்னு கேட்டுட்டுல்ல போவ" என்றார். அப்புறம் அங்கேயே கரையில் உட்கார்ந்து துண்டை விரித்துப்போட்டார். கெண்டை, கெளுத்தி, ஆரல், உளுவை என்று ஆரம்பித்து, எது எந்த மாதத்தில் எந்த மதகு வரை ஏறும், முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தால் வயலில் என்ன ஆகும், எந்த வருஷத்திலிருந்து தெளிந்து வர ஆரம்பித்தது என்று ஒரு மணி நேரம் சொன்னார். நோட்டில் ஆறு பக்கம் நிறைந்தது. அன்று ராத்திரி டெஸ்க்குக்கு நான்கு எண்களோடு அதையும் அனுப்பினேன்.